புளூடூத்தில் கதைத்தால் கவனம் சிதறாதா?

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவர் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறார். பெரும்பாலும் மோட்டார் சைக்கிள், மழை நாளில் கார். போனைக் கையில் எடுப்பதே இல்லை. ஹெல்மெற்றுக்குள் புளூடூத் பூட்டி அதில்தான் கதைக்கிறார். அப்படியிருந்தும் அண்மையில் இரண்டு தடவை மயிரிழையில் தப்பியிருக்கிறார்: கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு மாடு, திருநெல்வேலியில் சைக்கிளில் வந்த ஒரு பிள்ளை. "இரண்டு தரமும் நான் முன்னுக்குப் பார்த்துக்கொண்டுதான் ஓடினேன், ஆனால் காணவில்லை. ஏன்? இதை எப்படித் திருத்துவது?" என்று கேட்டிருக்கிறார்.

நீங்கள் எழுதிய வசனத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. பார்ப்பது கண்ணின் வேலை, காண்பது மூளையின் வேலை. கண் றோட்டில் இருக்கும்போதே மூளை வேறிடத்தில் இருக்க முடியும். புளூடூத் உங்கள் கையை விடுவித்தது, கண்ணையும் விடுவித்தது. மூளையை அது விடுவிக்கவில்லை. ஆபத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

கவனச் சிதறலை மூன்றாகப் பிரித்துச் சொல்வது வழக்கம்: கண் விலகுவது, கை விலகுவது, மனம் விலகுவது. மெசேஜ் எழுதும்போது மூன்றும் சேர்ந்து போய்விடும், அதனால்தான் அது எல்லாவற்றிலும் மோசம். அமெரிக்காவின் வேர்ஜீனியா ரெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் லொறிகளுக்குள் கமரா பூட்டிச் செய்த ஆய்வை 2009இல் வெளியிட்டது. மெசேஜ் எழுதிய சாரதிகளுக்கு மோதலோ மோதலுக்குக் கிட்டிய நிலையோ வரும் அபாயம் 23 மடங்கு. ஒவ்வொரு 6 செக்கனிலும் 4.6 செக்கன் அவர்களின் கண் றோட்டில் இல்லை. கதைப்பது அந்த அளவுக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் 1997இல் கனடாவில் செய்யப்பட்டு வெளிவந்த ஆய்வில், போனில் கதைக்கும்போது மோதும் அபாயம் ஏறத்தாழ 4 மடங்காக இருந்தது. கையில் பிடிக்காமல் கதைத்தவர்களுக்கு அது குறைந்ததாகக் காணப்படவில்லை. உலக சுகாதார அமைப்பும் இன்றுவரை அந்த 4 மடங்கு என்ற கணக்கைத்தான் சொல்கிறது. யூட்டா பல்கலைக்கழகத்தில் றோட்டைத் திரையில் காட்டும் ஓட்டிப் பழகும் பொறியில் ஆட்களை இருத்தி, கண் எங்கே போகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். கதைத்துக்கொண்டு ஓட்டியவர்களின் கண் றோட்டோரப் பலகைகளில் நேராகப் பதிந்தும், பிறகு கேட்டபோது அந்தப் பலகைகளை அவர்களால் சரியாக அடையாளம் சொல்ல முடியவில்லை. உங்கள் மாட்டுக்கு நடந்ததும் இதுதான்.

"அப்ப பக்கத்தில் இருக்கிறவரோடு கதைக்கிறதும் இப்படித்தானே?" என்று பலர் கேட்பார்கள். இல்லை, வித்தியாசம் பெரிது. பக்கத்தில் இருப்பவர் அதே றோட்டைப் பார்க்கிறார். சந்தி வந்தால் அவர் தானாகப் பேச்சை நிறுத்துவார், "அங்க மாடு" என்று சொல்லவும் செய்வார். போனில் இருப்பவருக்கு உங்கள் முன்னால் டிப்பர் முந்துவது தெரியாது. நீங்கள் பேசாமல் விட்டால் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று கூப்பிட்டு மூளையை இன்னும் தன் பக்கம் இழுப்பார். கதை எதைப் பற்றியது என்பதும் முக்கியம். "பாண் வாங்கி வாங்கோ" என்பது வேறு, காணி வழக்கும் சீட்டுக் காசும் வேறு. கோபம் வரும் கதை, படம் பிடித்து மனதுக்குள் பார்க்க வேண்டிய கதை ("அந்த பைல் எந்த அலுமாரியில வச்சனீங்கள்?") மூளையின் பார்க்கும் பகுதியையே பிடித்துக்கொள்ளும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. பேசி முடித்தவுடன் கவனம் திரும்பி வந்துவிடுவதில்லை. 2015இல் அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகனச் சாரதிகள் சங்கத்தின் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வில், குரலால் வண்டிக்கும் போனுக்கும் கட்டளை கொடுத்தவர்களுக்கு, வேலை முடிந்த பிறகும் சில வேளைகளில் 27 செக்கன் வரை மந்தம் நீடித்தது. மணிக்கு 60 கிலோமீற்றரில் 27 செக்கன் என்பது 450 மீற்றர். சாவகச்சேரிச் சந்தைக்கு முன்னால் "சரி, வைக்கிறன்" என்று சொன்னீர்கள் என்றால், சந்தைக் கூட்டத்தைக் கடந்து போகும்வரை நீங்கள் முழுதாகத் திரும்பி வரவில்லை.

மாட்டுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 60இல் ஓடினால் ஒரு செக்கனில் 16.7 மீற்றர் போகிறீர்கள். இரவில் டிம் லைற்றில் கறுத்த மாடு ஒன்று ஏறத்தாழ 40 மீற்றரில்தான் தெரியும், மோட்டார் சைக்கிளின் லைற் மங்கல் என்றால் இன்னும் கிட்ட. விழிப்போடு இருப்பவர் ஒரு செக்கனில் பிரேக்கைப் பிடிக்கிறார் என்று வையுங்கள். அதற்குள் 16.7 மீற்றர் போய்விடும். காய்ந்த தார் றோட்டில் நல்ல ரயரோடு முழுதாக நிற்க இன்னும் 20 மீற்றர் வேண்டும். மொத்தம் 37. மாட்டுக்கு 3 மீற்றர் முன்னால் நிற்கிறார். கதைத்துக்கொண்டு வருபவருக்கு ஒரே ஒரு செக்கன் மேலதிகமாகப் பிடிக்கிறது. பிரேக்கைத் தொடும்போதே 33 மீற்றர் முடிந்துவிட்டது, மிச்சம் 7 மீற்றர்கூட இல்லை. மாட்டில் மோதும்போது அவருடைய வேகம் எவ்வளவு? பாதிக்கு வந்திருக்கும் என்றுதான் பலர் நினைப்பார்கள். கணக்குப்படி ஏறத்தாழ 49. வேகம் பெரும்பாலும் குறைவது பிரேக்கின் கடைசி மீற்றர்களில்தான்; அந்தக் கடைசி மீற்றர்கள்தான் அவருக்குக் கிடைக்கவில்லை. மழை என்றால் இரண்டு பேருக்குமே போதாது. ஆகையால் இரவில் மிருசுவில், எழுதுமட்டுவாள் பக்கம் 50க்கு மேல் போகாதீர்கள். கட்டாக்காலி மாடுகள் சூடு தணியாத தாரில் வந்து படுத்திருக்கும், எழும்பும்போது எந்தப் பக்கம் போகும் என்று மாட்டுக்கே தெரியாது.

இனிக் கை. நீங்கள் போனைக் கையில் எடுப்பதில்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் புளூடூத் அழைப்பை ஏற்கவும் வெட்டவும் ஹெல்மெற்றின் பக்கத்தில் உள்ள பொத்தானை அமத்த இடக்கை ஹாண்டிலை விட்டு எழும்புகிறதா? கியர் உள்ள மோட்டார் சைக்கிளில் அந்தக் கை கிளச்சுக்கு உரியது. திடீரென்று பிரேக் பிடித்தால் எஞ்சின் நின்றுவிடும், அல்லது கிளச்சைத் தேடும் அவசரத்தில் ஹாண்டில் திரும்பும். ஸ்கூட்டியில் இடக்கைதான் பின் பிரேக். பல ஸ்கூட்டிகளில் அந்த இடது பிரேக்கைப் பிடித்தால் முன் சில்லிலும் சேர்ந்து பிடிக்கும். அதை விட்டுவிட்டு வலக்கையால் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால், றோட்டோர மணலில் முன் சில்லு வழுக்கும். எங்கள் ஒழுங்கை வாய்களில் எல்லாம் மணல் வந்து தாரில் பரவியிருப்பதை நினைவில் வையுங்கள். ஹெல்மெற்றுக்கும் கன்னத்துக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு ஓடுவது இன்னும் மோசம். தலை ஒரு பக்கம் சாயும், கழுத்துத் திரும்பாது, போன் நழுவினால் கை அனிச்சையாக அதைப் பிடிக்கப் போகும். விழுந்தால் அந்தக் கண்ணாடியும் உலோகமும் முகத்தெலும்புக்கு மேலேயே இருக்கும்.

ஆனையிறவில் இது இன்னும் பெரிய விடயம். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் காற்று கடல்நீரேரிக்கு மேலால் தடையில்லாமல் வருகிறது. கிளிநொச்சிக்குப் போகும்போது அது வலப்பக்கத்தில் அடித்து உங்களை றோட்டின் ஓரத்துக்குத் தள்ளும். திரும்பி வரும்போது இடப்பக்கத்தில் அடித்து நடுக்கோட்டுக்கு, அதாவது எதிரே வரும் பஸ்ஸின் பக்கத்துக்குத் தள்ளும். எதிரே ஒரு பெரிய வாகனம் கடக்கும் கணத்தில் காற்று ஒருமுறை நின்று, பிறகு மறுபடி அடிக்கும். இரண்டு கையும் ஹாண்டிலில், முழங்கை இளக்கமாக, வேகம் 50க்குக் கீழே. அந்த இடத்தில் சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தாலும் தோள் சிலிர்க்கும், ஹாண்டில் ஆடும்.

ஆகவே போன். என் கருத்தில் இதற்கு ஒரே வழி, முடிவை வெளிக்கிட முதலே எடுப்பது. ஓடும்போது போன் அடித்தால் "எடுப்பதா விடுவதா" என்று யோசிப்பதே ஒரு கவனச் சிதறல். மன உறுதியால் அதை வெல்லலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். போனைச் சத்தமும் அதிர்வும் இல்லாமல் ஆக்கி முதுகுப் பைக்குள் வையுங்கள். ஸ்கூட்டி என்றால் சீற்றுக்குக் கீழே உள்ள பெட்டி, கார் என்றால் பின் சீற்றில் ஒரு பை. கைக்கு எட்டாத இடம் என்பதுதான் இதில் முக்கியம். டாஷ்போட்டில் கவிழ்த்து வைத்த போன் கைக்கு எட்டும் போன்தான்.

ஐபோனில் செற்றிங்ஸ், அதில் போகஸ், அதில் டிரைவிங் என்று போனால், வண்டி ஓடத் தொடங்கியதும் தானாக இயங்க வைக்கலாம், காரின் புளூடூத்தோடு இணைந்ததும் இயங்க வைக்கலாம். மெசேஜ் அனுப்புபவருக்குத் தானாகப் பதில் போகும் வசதியும் அங்கே உண்டு. அந்த வசனத்தைத் தமிழில் நீங்களே மாற்றி எழுதலாம்: "வண்டி ஓடுறன். கிளிநொச்சி போய்ச் சேர்ந்து எடுக்கிறன்." அண்ட்ரொயிட் போன்களில் பெயரும் இடமும் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். 'டு நொட் டிஸ்டேர்ப்' என்று செற்றிங்ஸில் தேடினால் வரும். பயப்படும் ஒரு விடயம் எல்லோருக்கும் இருக்கும்: வீட்டில் அவசரம் என்றால் எப்படித் தெரியும்? அதற்கு 'மீண்டும் அழைப்பவர்' என்ற தெரிவு இருக்கிறது. அண்ட்ரொயிட்டில் ஒருவர் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் தரம் எடுத்தால் மணி அடிக்கும், ஐபோனில் 3 நிமிடத்துக்குள். "அவசரம் என்றால் மட்டும் உடனே இரண்டாம் தரம் எடுங்கோ" என்று வீட்டில் சொல்லி வையுங்கள். முழுச் சத்தத்தையும் நிறுத்தும் அமைப்பில் இந்தத் தெரிவு வேலை செய்கிறதா என்று வீட்டு முற்றத்திலேயே ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

தானாகப் போகும் பதில் சாதாரண மெசேஜுக்குத்தான், வட்ஸ்அப், வைபர் அழைப்புக்கு அது போகாது. யாழ்ப்பாணத்தில் இது சின்ன விடயம் இல்லை. எங்களுக்குப் பின்னேரம் 6 மணி, ரொறொன்ரோவில் காலை ஏழரை அல்லது எட்டரை. லண்டனில் மதியம் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை. அங்கே பிள்ளைகள் வேலைக்குப் போகும் நேரமும் சாப்பாட்டு நேரமும், இங்கே நீங்கள் இருட்டோடு நாவற்குழி தாண்டும் நேரமும் ஒன்றாக விழுகிறது. தெரியாமல்தான் எடுக்கிறார்கள், பாசத்தில் எடுக்கிறார்கள். குடும்பக் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டுவிடுங்கள்: "ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் நான் றோட்டில். ஏழரைக்குப் பிறகு எடுங்கோ." எடுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. எதிர்முனையில் காற்றுச் சத்தம், ஹோர்ன் சத்தம் கேட்டால் "ஓடுறியளோ?" என்று கேட்டு உடனே வைத்துவிட வேண்டும். மற்றவரைக் காப்பாற்றுவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

கட்டாயம் எடுக்கத்தான் வேண்டும் என்றால் நில்லுங்கள். நிற்பதிலும் முறை இருக்கிறது. கண்ணாடியில் பின்னால் பார்த்து, சிக்னல் போட்டு, தாரில் இருக்கும்போதே வேகத்தை நன்றாகக் குறைத்து, பிறகுதான் மணலுக்கு இறங்க வேண்டும். மணலில் இறங்கிய பிறகு முன் பிரேக்கைத் தொட்டால் விழுவீர்கள். முடக்கிலும் மதகடியிலும் நிற்காதீர்கள். வண்டி முழுதாகத் தாரை விட்டு வெளியே இருக்க வேண்டும். பாதி உள்ளே பாதி வெளியே நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பின்னால் வரும் கன்ரர் சாரதி ஓடுகிறது என்று நினைத்து வந்துவிடுவார். கதைத்து முடித்துத் திரும்ப ஏறும்போது பலர் சைட் ஸ்ராண்டை மடக்க மறந்துவிடுவார்கள். மனம் இன்னும் கதையில் இருப்பதன் முதல் அடையாளம் அது. இடப்பக்கம் திரும்பும்போது அந்த ஸ்ராண்ட் தாரில் தட்டித் தூக்கி எறிந்துவிடும். ஸ்ராண்ட், கண்ணாடி, பின்னால் ஒரு பார்வை என்று மூன்றையும் வாயால் சொல்லிவிட்டு ஏறுங்கள். அந்த 27 செக்கனில் பாதி அதிலேயே கழிந்துவிடும்.

கையில் போன் பிடித்தபடி ஓடுவது இலங்கையில் குற்றம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பொலிஸ் மறிக்கும் இடங்கள் தெரியும் என்பதால் அங்கே மட்டும் போனை ஒளித்துவிட்டுப் போகும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. மாடு பொலிஸ் நிற்கும் இடத்தில் மட்டும் குறுக்கே வருவதில்லை.

உங்கள் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பாருங்கள், ஏனென்றால் ஒவ்வொரு இடத்திலும் கவனம் கேட்கும் விதம் வேறு. நகரத்துக்குள், பலாலி வீதியிலோ ஆஸ்பத்திரி வீதியிலோ, ஆபத்துப் பக்கவாட்டில் இருந்து வருகிறது: ஒழுங்கைக்குள் இருந்து நேராக வெளியே வரும் சைக்கிள், நிறுத்திய வானின் கதவு, ஆளைக் கண்டதும் திரும்பும் ஓட்டோ. காலை ஏழு மணியிலிருந்து ஏழரை வரையும் பகல் ஒன்றரைக்குப் பிறகும் பாடசாலைப் பிள்ளைகள். பின்னேரம் ரியூசன் விட்டால் சைக்கிள்கள் மூன்று நான்காகப் பக்கம் பக்கமாக வரும். அவர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டுதான் வருவார்கள், அவர்களுடைய கவனத்தையும் சேர்த்து நீங்கள்தான் சுமக்க வேண்டும். திருநெல்வேலியில் உங்களுக்கு நடந்தது அதுதான். 30இல் போய், இரண்டு விரல் பிரேக்கில் இருந்தால் அந்தப் பிள்ளை எதைச் செய்தாலும் நேரம் கிடைக்கும்.

அரியாலை தாண்டி நாவற்குழி, சாவகச்சேரி என்று போகும்போது காலையில் சூரியன் உங்கள் முகத்துக்கு நேரே. திரும்பி வரும்போது பின்னேரச் சூரியனும் முகத்துக்கு நேரே. இரண்டு நேரமும் இப்படி அமைவது உங்கள் பாதையின் துரதிர்ஷ்டம். கீறல் விழுந்த ஹெல்மெற் கண்ணாடியும், உள்பக்கம் தூசு படிந்த கார்க் கண்ணாடியும் அந்த வெளிச்சத்தில் பால் மாதிரி ஆகிவிடும், அப்போது கண்ணே பாதி வேலைதான் செய்யும். கிழமைக்கு ஒருமுறை உள்பக்கத்தையும் துடையுங்கள். கீறிய கண்ணாடியை மாற்றுங்கள். சூரியன் கண்ணில் குத்தும் அந்த அரை மணிநேரத்தில் முன்னால் போகும் வாகனத்துக்குப் பின்னால் 4 செக்கன் இடைவெளி விடுங்கள். முன் வாகனம் ஒரு லைற் போஸ்ற்றைக் கடந்ததும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு..." என்று எண்ணினால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு செக்கன். சாதாரண நேரத்தில் 2 போதும், மழைக்கும் 4.

ரயில் கடவைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் மறுபடி வந்த பிறகு, ஏ9 வீதிக்குக் கிட்டவாக ஓடும் ரயில் பாதையைக் குறுக்கே வெட்டும் உள் றோட்டுகள் நிறைய. எல்லாவற்றிலும் கேற் இல்லை. ரயில் முழு பிரேக் பிடித்தாலும் பல நூறு மீற்றர் போய்த்தான் நிற்கும், அதனால் நிற்கவேண்டியவர் நீங்கள் மட்டும்தான். ஹெல்மெற்றுக்குள் பாட்டு ஓடினால் ஹோர்ன் கேட்காது. பாட்டை நிறுத்தி, கார் என்றால் கண்ணாடியை இறக்கி, முழுதாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, முதல் கியரில் கியர் மாற்றாமல் கடந்து போங்கள். ஒரு ரயில் போனதும் உடனே இறங்காதீர்கள், எதிர்ப்பக்கத்தையும் இன்னொரு தரம் பார்க்க வேண்டும். மழை நாளில் தண்டவாளம் வழுக்கும், அதைச் சரிவாக வெட்டாமல் நேர் குறுக்காகக் கடக்க வேண்டும்.

முகமாலை தாண்டி இயக்கச்சி, ஆனையிறவு, பரந்தன் என்று நேர் றோட்டு வந்ததும் பிரச்சினை தலைகீழாக மாறுகிறது. அங்கே பார்க்க ஒன்றும் இல்லாததால் மூளை தானாகவே விலகும். "பளையை எப்ப தாண்டினன்?" என்று நினைவு வராவிட்டால், அந்தப் பத்து நிமிடமும் நீங்கள் பழக்கத்தில் ஓடியிருக்கிறீர்கள். இதற்கு நல்ல மருந்து, காண்பதை வாய்விட்டுச் சொல்வது. "முன்னுக்கு ரக்ரர், லைற் இல்லை. இடப்பக்கம் இரண்டு மாடு, ஒன்று தாரைப் பார்க்குது. பின்னால வெள்ளை வான், முந்தப் போறான்." ஓட்டுதல் பயிற்சியில் பயன்படும் பழைய முறை இது. வாய் சொல்லவேண்டும் என்றால் மூளை கண்டே ஆகவேண்டும். முழு வழியும் வேண்டாம், ஒரு நாளைக்கு 5 நிமிடம், இரண்டு கிழமை செய்தாலே கண் தேடும் பழக்கம் மாறும். 60இல் போகும்போது பார்வை 200 மீற்றருக்கு அப்பாலும் போக வேண்டும், திரும்பிக் கிட்டவும் வர வேண்டும், 5 முதல் 8 செக்கனுக்கு ஒருமுறை கண்ணாடியையும் தொட வேண்டும். ஒரே புள்ளியில் நிலைத்த கண் நித்திரைக்குப் பாதி வழி போன கண்.

நித்திரை என்று வந்ததால் அதையும் சொல்கிறேன். கவனச் சிதறல் என்றதும் எல்லோரும் போனைத்தான் திட்டுகிறோம், களைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும், விடியப்புறம் 2 மணியிலிருந்து 5 மணி வரையும் உடம்பு தானாகத் தளரும். 4 செக்கன் கண் சொக்கினால் 70இல் 78 மீற்றர் போய்விடும், அந்தத் தூரத்துக்கு வாகனத்தை ஓட்ட யாரும் இல்லை. தொடர் கொட்டாவி, ஓரக்கோட்டில் சில்லு ஏறுவது, கண் எரிவது, கழுத்து விழுவது: இவற்றில் ஒன்று வந்தாலே நிற்கவேண்டும். கண்ணாடியை இறக்குவதும் பாட்டைக் கூட்டுவதும் சில நிமிடத்துக்குத்தான். பயன் தருவது 15, 20 நிமிட நித்திரை. அதற்கு முன் ஒரு கடும் கோப்பி குடித்தால், அது வேலை செய்யத் தொடங்கும் நேரத்துக்கு நீங்கள் எழும்புவீர்கள். கொழும்புக்கு இரவில் வான் ஓட்டிப் போவோர் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு போகும் வழக்கம் அழகான வழக்கம். பக்தியோடு சாரதியின் காலும் கண்ணும் ஆறுகின்றன. அதேபோல வவுனியாவிலும், பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் நிற்கலாம். நித்திரை தரும் தடிமன் குளிசை, ஒவ்வாமைக் குளிசை போட்ட நாளில் சாவியை இன்னொருவரிடம் கொடுங்கள்.

கார் எடுக்கும் மழை நாட்களுக்குச் சில விடயம். தண்ணீர்ப் போத்தலைக் காலடியில் வைக்காதீர்கள். அது உருண்டு பிரேக் பெடலுக்குக் கீழே போனால் பெடல் இறங்காது. குனிந்து எடுக்கப் போனால் ஸ்ரேறிங் திரும்பும். கதவுப் பைக்குள் வையுங்கள். பின் சீற்றில் பிள்ளை அழுதால் திரும்பிப் பார்க்கக் கூடாது, ஓரமாக நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். 50இல் இரண்டு செக்கன் திரும்பினால் 28 மீற்றர், கோண்டாவில் சந்தி மாதிரி ஒன்றை முழுதாகத் தாண்டிவிடலாம். வழிகாட்டும் மப்பை வெளிக்கிட முதலே போட்டு, குரலை மட்டும் கேளுங்கள். சாப்பாடு, குறிப்பாக இலையில் கட்டிய சாப்பாடு, வண்டி நின்ற பிறகுதான். மோட்டார் சைக்கிளில் மரக்கறிப் பையை ஹாண்டிலில் தொங்கவிட்டால் அது ஆடி ஆடிக் கண்ணை இழுக்கும், திருப்பும்போது ராங்கியில் இடித்து ஹாண்டிலை மறிக்கும், பின்னால் கட்டுங்கள். பின்னால் இருப்பவரின் சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் செருகச் சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிட வேண்டும். நடுவழியில் அது சில்லில் போகுமோ என்று நீங்கள் திரும்பிப் பார்ப்பதே ஒரு விபத்துக்குப் போதும்.

பாட்டுக் கேட்கலாமா என்றால், காரில் மெல்லிய சத்தத்தில் கேட்கலாம், தெரிவை முதலே செய்துவிட வேண்டும். மோட்டார் சைக்கிளில் இரண்டு காதையும் அடைக்கவே கூடாது. பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்ன்தான் அங்கே உங்களுக்கு இருக்கும் மூன்றாவது கண்ணாடி.

வேலையிடத்தில் சண்டை பிடித்துவிட்டோ, சாவு வீட்டுச் செய்தி கேட்டோ வெளிக்கிடும் நாட்களில் போன் பைக்குள் இருந்தாலும் மனம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நாளில் ஒரு தேத்தண்ணி குடித்து, பத்து நிமிடம் யாரோடாவது கதைத்துவிட்டு ஏறுங்கள், அல்லது பஸ்ஸில் போங்கள்.

எங்கே தொடங்குவது என்றால், ஹெல்மெற்றில் பூட்டிய அந்தப் புளூடூத்தைக் கழற்றி இரண்டு கிழமைக்கு வீட்டில் வையுங்கள். தவறிய அழைப்புகளைக் கிளிநொச்சியில் இறங்கியதும் எண்ணிப் பாருங்கள். உண்மையில் அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குள் எடுத்தே ஆகவேண்டியவை எத்தனை என்று ஒரு துண்டில் குறித்து வாருங்கள். சடுதியாக பிரேக் பிடித்த இடங்களையும் அதே துண்டில் எழுதுங்கள். ஒரே இடம் இரண்டு தரம் வந்தால், மூன்றாம் நாள் அந்த இடத்துக்கு 200 மீற்றர் முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.